மயிலையின் முளை

முளையைப் பிடுங்கியிருக்கக் கூடாது. பிட்டியாவுக்கு இது தோன்றியபோது வெயில் சாய்ந்துவிட்டது, குவித்து வைத்த எருவில் பாதி கனன்றுகொண்டிருந்தது, மாடுகள் திரும்பும் நேரமும் நெருங்கிவிட்டது. காலையில் தோன்றவில்லை. காலையில் அது நல்ல யோசனையாக இருந்தது. இத்தனை நாள் இது ஏன் தனக்குப் படவில்லை என்று தன்னையே கடிந்துகொள்ளும்படி அவ்வளவு நல்ல யோசனை. மாடுகள் எல்லாம் மேய்ச்சலுக்குப் போய்க் கிடை வெறிச்சோடிக் கிடந்தபோது, கோலை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டு நடுக்கிடைக்குப் போனான். தன் காளை மயிலையைக் கட்டுகிற முளைக்கம்பை நாலு பக்கமும் ஆட்டிப் பிடுங்கினான். பிடுங்கியதைத் தோளில் சார்த்திக்கொண்டு கிடையின் ஓரத்துக்கு, தன் படுக்கைக்கும் எருக்குவியலுக்கும் பக்கத்துக்குக் கொண்டுவந்து அடித்தான். நடுவில் ஒரே சேறு, மூத்திரம் ஊறிய சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகிவிடும் என்று சொல்லிக்கொண்டான். சொன்னது பொய்யுமில்லை. ஆனால் சேறு கிடை முழுக்கத்தான் இருக்கிறது. மற்ற மாடுகளுக்கும் குளம்பு இருக்கிறது. அவற்றின் முளைகளை அவன் தொடவில்லையே. எருவைக் கிளறினான். புகை கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் தெளிவாக அந்தக் குழி தெரிந்தது, முளை போனபின் தரையில் மிஞ்சிய சிறு குழி, தண்ணீர் மெல்லச் சுரந்து நிரம்பிய குழி.

வெள்ளை நைல் ஆற்றின் கரையில், ஆறு இரண்டாகப் பிரிந்து தீவைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில், மண்டாரி இனத்து மாட்டுக்காரர்கள் கோடைக்குப் போட்ட மாட்டுக்கிடை அது. கூரை என்று எதுவும் கிடையாது. முளைகள், கயிறுகள், எருக்குவியல்கள், சாம்பல். அந்தச் சாம்பலில்தான் படுக்கை, அதைத்தான் மேலுக்குப் பூசிக்கொள்வது, மாட்டுக்கும் பூசுவது. கொசுவும் உண்ணியும் அண்டாது. பகலில் மாடு போட்ட சாணத்தைப் பொறுக்கிக் காயவைத்து, சாயங்காலம் ஒவ்வொரு முளைக்கூட்டத்துக்கும் பக்கத்தில் புகை போட வேண்டும். பெண்களும் சிறு பிள்ளைகளும் செய்கிற வேலை அது. போன மழைக்காலத்திலிருந்து பிட்டியாவும் செய்கிறான். பொறுக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை, சாணம் இல்லாமல் புகை இல்லை, புகை இல்லாமல் மாடு இல்லை, என்று அக்கா கிடென் சொன்னாள். சொன்னவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பாலைக் கறந்துகொண்டே, மாட்டின் மடியைப் பார்த்துச் சொன்னாள். அதையும் அவன் நினைத்தான். எதைத்தான் நினைக்காமல் விட்டான்? கால் ஓய்ந்த பிறகு தலை நடக்கத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தீவு வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது, வரும்போது முள்ளையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இன்றைய முள் தம்பி டோங்குன் காலையில் கேட்ட கேள்வி. மயிலைக்குச் சாம்பல் பூசிவிட்டு, கை முழுக்கச் சாம்பலோடு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த இவனிடம் வந்து நின்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது." "நீ இப்படி ஆரம்பிச்சா கோவப்படற மாதிரிதான் கேப்பே. கேளு." "மயிலையை எனக்குக் குடுத்துடேன்." சின்ன வயதில் கிழங்கில் பாதி கேட்கிற மாதிரியே கேட்டான். வஞ்சகம் இல்லை, அதுதான் கஷ்டம். வஞ்சகமாகக் கேட்டிருந்தால் கோலைத் தூக்கியிருக்கலாம். "மேய்க்கிறது நான், தண்ணி காட்டறது நான், உண்ணி எடுக்கிறது நான். அது முன்னால நின்னு உன் பாட்டைப் பாடறேன், எனக்கே ஒரு மாதிரியா இருக்குண்ணே. என் வயசுக்காரன் எல்லாம் அவனவன் காளைக்கு அவனவன் பாட்டுப் பாடறான்." பிட்டியா எருவைப் பார்த்தான். "சாயங்காலம் சொல்றேன்" என்றான். சாயங்காலம் என்பது அப்போது எவ்வளவோ தூரத்தில் இருந்தது. இப்போது புகைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது.

கொடுப்பது என்றால் கயிற்றை மாற்றிப் பிடிப்பது மட்டுமில்லை. ஆளாகிற வயதில் அப்பா ஒரு கன்றைக் காட்டி, இது உன்னுடையது என்று சொன்ன நாளிலிருந்து கன்றும் ஆளும் ஒன்று. அதன் நிறம்தான் இவன் பெயர். வெள்ளையுமில்லாமல் கறுப்புமில்லாமல், மழைக்கு முந்தின வானம் மாதிரி மயிலை நிறம். அதனால் இவன் மயிலைக்காரன். மல்யுத்தத்தில் இவன் ஜெயித்தபோது கூட்டம் கத்தியது பிட்டியா என்றில்லை, மயிலைக்காரா என்றுதான். அதன் கொம்பு வளைந்த விதத்தைப் பற்றி, அது தண்ணீர் குடிக்கையில் ஆறு நின்று பார்ப்பதைப் பற்றி இவன் கட்டிய பாட்டை மற்றக் கிடைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆறு எங்கே நின்று பார்த்தது, ஆறு அது பாட்டுக்குப் போகும். ஆனால் பாட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். மாட்டைக் கொடுத்தால் பெயரும் கூடவே போகும். பிறகு இவனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், எருக்காரன் என்றா? கூப்பிடட்டும். கூப்பிட்டால் என்ன. கூப்பிடக் கூடாது. ஆனால் டோங்குன் சொன்னதில் எந்த வார்த்தை தப்பு? ஒன்றுமில்லை. அப்படியானால் கொடுத்துவிட வேண்டியதுதானே. அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை கால் இடறி நின்றது, காலையிலிருந்து எத்தனையோ முறை நின்ற அதே இடம்.

"எருவை ஊதச் சொன்னா ஆத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. ஆத்துல பொண்ணு வருதா?" கிடென் அக்கா சுரைக்குடுக்கையோடு கடந்து போனாள். "வந்தா உங்கிட்ட சொல்லாம இருப்பேனா?" "மாட்டு மூத்திரத்துல தலையைக் கழுவி முடியை மட்டும் செவப்பா வெச்சிருக்கே, வர்ற பொண்ணு முடியைப் பாத்து மயங்கிடும். மூஞ்சியைப் பாத்தா திரும்பிப் போயிடும். ஏன் இப்படி உக்காந்திருக்கே?" ஒன்றுமில்லை என்றான். அவள் புது முளையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கன்றுக்குட்டி ஒன்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு கத்தவும் அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். என்ன சொல்ல வந்தாள்? அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேறு, குளம்பு என்று அவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

உண்மையான காரணம் நடுக்கிடை. மாடுகள் திரும்பி வந்தபின் நடுக்கிடைக்கு அவனால் போக முடியாது. கால் போகும். கோல் இருக்கிறது. மனசு வராது. ஆள் கை விரித்த நீளத்துக்குக் கொம்பு, ஒவ்வொரு தலையிலும் இரண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கொம்பு. நல்ல கால் இருந்தபோது அதற்குள் தண்ணீரில் மீன் போகிற மாதிரி போவான். இப்போது ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, மயிலையின் கொம்பு நுனியில் கட்டிய குஞ்சம் அங்கே நடுவில் ஆடுவதை மட்டும் பார்ப்பான். குஞ்சத்துக்குக் கீழே டோங்குனின் கை போய்ப் போய் வரும். சாம்பல் பூசுகிறான். கொம்படியில் பூசுகிறான், அங்கேதான் அதற்கு அரிக்கும். சரியாகப் பூசத் தெரியுமா அவனுக்கு? தெரியும், நன்றாகவே பூசுகிறான், அது கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் முளையை ஓரத்துக்குக் கொண்டுவந்தது. மாடு இங்கே வந்தால் தானே பூசலாம். அத்தோடு நிற்கவில்லை, தனக்குள் ஒரு பந்தயமும் கட்டிக்கொண்டான். இன்று சாயங்காலம் மயிலை தானாக இங்கே வந்து என் முன்னால் நின்றால் கொடுக்க மாட்டேன். தம்பி பின்னால் போனால் கொடுத்துவிடுவேன். நானா சொன்னேன், மாடே சொல்லிவிட்டது என்று இருந்துவிடலாம்.

எருவை ஊதும்போதுதான் அது உறைத்தது. மாடு ஆளைத் தேடியா வருகிறது? ஆயிரம் முளை இருந்தாலும் எந்த மாடும் தன் முளையைத் தப்பவிடாது, இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இருட்டிலும் வரும், மழையிலும் வரும், தன் இடத்தை மோந்து வந்து நின்று கயிறு கட்டக் காத்திருக்கும். இடத்தையே பிடுங்கிவிட்டு வா என்றால் எங்கே வரும்? பந்தயம் கட்டிய கையாலேயே பந்தயத்தைக் கெடுத்தாயிற்று. ஓடிப்போய்ப் பழைய குழியிலேயே அடித்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, மாடு வரவில்லை. எழுந்தான். கோலைத் தேடினான். அந்த நேரத்தில் முரசு ஒலித்தது.

முரசு அடித்தால் மாடு திரும்பும். முதலில் சத்தம்தான், தரை வழியாக வரும், காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரியும். ஊனமான காலுக்கு இன்னும் முன்னால் தெரிகிறது. அன்றைக்கும் இந்தச் சத்தம்தான். தீவிலிருந்து மாடுகளை நீந்தவிட்டு இக்கரைக்குக் கொண்டுவந்த நாள், ஆறு பெருகியிருந்தது, கரையேறும் இடம் குறுகல். பின்னால் முதலை முதலை என்று யாரோ கத்தினார்கள், மரக்கட்டையாகக்கூட இருக்கலாம், முன்னால் வந்த மாடுகள் மிரண்டு ஒரே மொத்தமாக ஏறின. இவன் சேற்றில் விழுந்தான். அண்ணாந்து பார்த்தால் வயிறுகள், நீர் சொட்டும் வயிறுகள், அவற்றில் ஒன்று மயிலை நிறம். குளம்பு இறங்கியது. எலும்பின் சத்தம் தனியாகக் கேட்டது. எந்த மாடு என்று எல்லாரும் கேட்டார்கள். சொந்த ஆளை மிதித்த காளையைக் கிடையில் வைத்திருக்க மாட்டார்கள்; ஆகாத மாடு, வெட்டிப் பங்கு போடு என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். சித்தப்பாவின் கிழட்டுக் கறுப்பு மாடு என்று சொல்லிவிட்டான். அந்தக் கறுப்பு அன்றைக்கே ஆற்றோடு போய்விட்டது. செத்த மாட்டின் மேல் பழி போட்டால் அதற்கு வலிக்கவா போகிறது? யாருக்கும் தெரியாது. மயிலைக்குத் தெரியுமா? தெரிந்துதான் தள்ளி நிற்கிறதா? இல்லை, தள்ளி நிற்பது நான். அது நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது. தள்ளிப் போனது நான்.

வந்துவிட்டன. புழுதி முதலில், பிறகு புழுதிக்குள் கொம்புகள், தலையில்லாமல் கொம்புகள் மட்டும் மிதந்து வருகிற மாதிரி. புகையைக் கண்டதும் மாடுகள் நடையை எட்டிப் போட்டன, கொசுவுக்குத் தப்பிக்க அவற்றுக்கும் அவசரம். ஒவ்வொன்றும் பிரிந்து தன் முளைக்குப் போயிற்று. செவலைகள், காரிகள், புள்ளி போட்டவை, கிடென் அக்காவின் கறவைப் பசு, அதன் கன்று அம்மா என்றது. பிட்டியா புது முளைக்குப் பக்கத்தில் நின்றான். கையில் சாம்பலை அள்ளி வைத்திருந்தான், எப்போது அள்ளினான் என்று தெரியவில்லை. மயிலை நிறம் எங்கே? அதோ. இல்லை, அது வேறு, கொம்பு சின்னது. ஒருவேளை ஆற்றங்கரையில் தங்கிவிட்டதோ. மத்தியானம் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது, துப்பாக்கியா கிளை முறிந்ததா என்று அப்போது நினைத்தான், கிளை என்று தீர்த்துவிட்டு மறந்தான். இப்போது அது மறுபடி துப்பாக்கியாயிற்று. மாடு கொள்ளையடிக்க வருகிறவர்கள் இந்தப் பருவத்தில்தான் வருவார்கள். டோங்குனையும் காணோம். மாட்டுக்கு முன்னால் தம்பியை நினைத்திருக்க வேண்டாமா நீ? நினைத்தாயா? முதலில் மாடு, பிறகுதான் தம்பி. அவன் உயிரோடு வந்தால் போதும், மாட்டைக் கொடுத்துவிடுகிறேன், பாட்டையும் கொடுத்துவிடுகிறேன், என்று நினைத்தான். நினைத்த மறுகணமே, பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அந்தக் குரலின் மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. சாம்பல் விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது.

"ஏ மயிலைக்காரா!" கிடென் அக்கா புகைக்குள்ளிருந்து வந்தாள். சிரிக்கிறாளா, திட்டுகிறாளா, இரண்டும்தான். "இங்க யாருக்கு மாலை போட நிக்கறே? உன் மாடு அங்க நடுவுல நிக்குது, வெறுந்தரையை மோந்துகிட்டு. டோங்குன் கயித்தைப் போட்டு இழுத்துப் பாத்துட்டான், இன்னொருத்தன் வாலை முறுக்கிப் பாத்துட்டான். அசையல. முளை எங்கே முளை எங்கேன்னு உன் தம்பி கத்திக்கிட்டு இருக்கான். எடுத்தவன் நீதானே? கொண்டுபோய்க் குடு." "நீ கொண்டுபோய்க் குடு அக்கா." "என் ரெண்டு கையிலயும் குடுக்கை இருக்கு" என்றாள். ஒரு கை சும்மாதான் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

துப்பாக்கி மறுபடி கிளையாயிற்று. உடம்பு ஒருமுறை லேசாகி, உடனே கனத்தது. பிட்டியா முளையை ஆட்டிப் பிடுங்கினான். காலையில் அடித்தது, இன்னும் இறுகவில்லை, எளிதாக வந்தது. இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டான். முளை அடிக்கும் கொட்டாப்புளியையும் பக்கத்தில் செருகினான், ஒரு கையில் கோல். முதல் கொம்பு மார்புக்கு நேராக இருந்தது. நின்றான். அந்தச் செவலை அவனைப் பார்த்தது, இவன் ஏன் நிற்கிறான் என்பது போல் அசைபோட்டது. தள்ளிப்போ என்று கழுத்தில் கை வைத்தான். கை பட்டதும் அது நகர்ந்தது. அவ்வளவுதானா? இவ்வளவு நாளும் இவ்வளவுதானா? இல்லை, அடுத்தது இளங்காளை, தலையை ஆட்டியது, கொம்பு காதருகே காற்றைக் கிழித்தது. மறுபடி அந்த ஆற்றங்கரை வந்தது, வயிறுகள், சொட்டும் நீர். திரும்பிவிடலாம். திரும்பவும் அதே கொம்புகளின் வழியாகத்தான் திரும்ப வேண்டும், முன்னும் பின்னும் ஒரே தூரம்தான். சாணம் கணுக்கால் வரை ஏறியது, கோல் சேற்றில் சிக்கியது, பிடுங்கினான், சிக்கியது. மாட்டின் மூச்சு கழுத்தில் பட்டது, சூடாக, புல் வாசனையோடு. இந்த வாசனை ஓரத்துக்கு வருவதில்லை. ஓரத்தில் புகை மட்டும்தான். இதை மறந்தேபோயிருந்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது. விலாவோடு விலாவாக உரசிக்கொண்டு, திமில்களைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் தத்தித் தத்திப் போனான். யாரோ, அட மயிலைக்காரன் என்று சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்க இடமில்லை.

மயிலை தலையைத் தாழ்த்தி நின்றது. மூக்கு அந்தக் குழியில் இருந்தது. குழி நீரில் மூச்சுப் பட்டு வட்டம் வட்டமாகப் போயிற்று. பக்கத்தில் டோங்குன், வேர்வையும் புழுதியுமாக, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு. "நீயா எடுத்தே? ஏண்ணே?" "சேறு" என்றான் பிட்டியா. "சேறா?" என்று தம்பி சுற்றும் முற்றும் பார்த்தான். பிட்டியா கோலைக் கீழே போட்டுவிட்டு, மாட்டின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தான். வேறு எப்படியும் அவனால் முளை அடிக்க முடியாது. குளம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வெடிப்பு விட்ட பெரிய குளம்பு. மயிலை அவனைத் தேடி ஓரத்துக்கு வரவில்லை. டோங்குன் இழுத்த பக்கமும் போகவில்லை. அது கேட்டது ஒரு குழியை மட்டும். அப்படியானால் பந்தயத்தில் யார் ஜெயித்தது? யாரும் ஜெயிக்கவில்லை, தீர்ப்பைச் சொல்ல மாட்டேன் என்று மாடு சொல்லிவிட்டது, நீயே சொல்லிக்கொள் என்று. முளையைக் குழியில் நிறுத்தினான். கொட்டாப்புளியை ஓங்கினான். மாடு மிரண்டு காலைத் தூக்கியது.

"அண்ணே, காலை இழுத்துக்கோ, மிதிச்சிடப் போகுது!"

"அதான் மிதிச்சாச்சே" என்றான் பிட்டியா.

சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஓங்கிய கை இறங்குகிற வேகத்தில் வார்த்தையும் இறங்கிவிட்டது. முளை ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. குளம்பு மெல்ல, அவன் முழங்காலைத் தொடாமல், பக்கத்துச் சேற்றில் இறங்கியது. டோங்குன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "சித்தப்பாவோட கறுப்புன்னுல்ல சொன்னே?" "சொன்னேன்." "இதுவா?" "இதுதான்." தம்பி மாட்டைப் பார்த்தான், அண்ணனின் காலைப் பார்த்தான், யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான். அந்தக் கடைசிப் பார்வை போதும் என்று பிட்டியாவுக்குப் பட்டது. இனி இதை மறைக்கிற வேலையும் இரண்டு பேருக்காயிற்று. சத்தமாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு அடி அடித்தான். "காலையில ஒண்ணு கேட்டியே." டோங்குன் கயிற்றை முளையில் கட்டினான். "நான் ஒண்ணும் கேக்கல" என்றான். "கேட்டே. குடுக்க மாட்டேன்." "சரி." முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "அப்போ நாளைக்கு நீயும் மேய்ச்சலுக்கு வா. உன் மாடு, உன் பாட்டு. நான் என்ன உன் வாயா?"

நாளைக்கு. ஆற்றோரப் புல் எவ்வளவு தூரம் இருக்கும்? முன்பு அதை அவன் தூரம் என்று நினைத்ததே இல்லை. வழியில் ஒரு ஓடை உண்டு, அதில் வழுக்கும். அதற்கப்புறம் மணல். மணலில் கோல் புதையும். போகும்போது சமாளித்துவிடலாம், திரும்பும்போது மாடுகள் நடையை எட்டிப் போடுமே, அப்போது? பின்தங்கினால் கிடையே பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும். மயிலையின் திமிலைப் பிடித்துக்கொண்டு நடந்தால்? பிடிக்க விடுமா? எழுந்திருக்கக் கையை நீட்டினான். தம்பி பிடிப்பதற்குள் மாட்டின் கழுத்து எட்டியது, அதைப் பிடித்து எழுந்தான். மாடு அசையாமல் நின்று பாரத்தை வாங்கிக்கொண்டது. டோங்குன் கை நிறையச் சாம்பலைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் கொட்டினான். பிட்டியா அதைக் கொம்படியில் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கத் தொண்டையில் எதுவோ கரகரத்தது, இருமல் என்றுதான் நினைத்தான், பாட்டின் முதல் அடியாக இருந்தது. சுருதி சேரவில்லை, பாதியில் உடைந்தது. மயிலை கண்ணைச் சொருகிக்கொண்டது. ஒரு காது மட்டும் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.